கந்தையும் காவியமும்: வங்காளத்துக் காந்தாத் தையல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

நாட்டார் கலைகளைப் பற்றி எழுதுவோர் பலரிடத்துத் திரும்பத் திரும்ப வரும் தொடரொன்றுண்டு. ‘அழிந்துபோகும் மரபினைப் பெண்கள் தம் கைகளாற் காத்து வருகின்றனர்’ என்பதே அது. கேட்பதற்கு இனிமையான இத்தொடர், கேட்கவேண்டிய வினாக்களை எழாமற் செய்துவிடும் வல்லமையும் உடையது. மரபு என்று இங்கு கூறப்படுவது யாது? அதனைக் காக்கும் பெண்கள் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள்? அவர்கள் அதனைக் காப்பதனால் வாழ்பவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாத கலை விமர்சனம் எவ்வளவு நயமுடையதாயினும் வியாபாரிக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கும் பணியையே ஈற்றிற் செய்கின்றது. வங்காளத்துப் பூத்தையல் மரபான காந்தாவையும், அதனை இலக்கிய உலகிற்கு அறிமுகஞ்செய்த ஜசீமுத்தீனின் காவியத்தையும் ஒருங்கே வைத்து இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் வாசகர்க்கு இப்பொருள் முற்றிலும் அந்நியமானதன்று. ‘காந்தா’ என்பதன் மூலமாகிய ‘கந்தா’ என்னும் வடசொல் கிழிந்த துணியாலாய போர்வையைக் குறிப்பது. அச்சொல்லே நம்மிடையே ‘கந்தை’ என வழங்குகின்றது. வங்காளத்திலே அச்சொல் கலையொன்றின் பெயராயிற்று. தமிழிலோ அது வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது. ஒரே சொல் இரு நிலப்பகுதிகளில் இவ்வாறு இருவேறு கதியடைந்தமை சுவையான செய்தியே. ஆயினும் வங்காளத்துக் கந்தையும் வறுமையிலிருந்து விடுபட்டதன்று என்பதைப் பின்னர் காண்போம்.

1. பயன்மதிப்பின் கலை

காந்தாவின் ஆக்கமுறையை முதலில் நோக்குவோம். உடுத்துத் தேய்ந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் பல அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று விரித்து, ஓரங்களை மடித்துத் தைத்து, ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தும் எளிய ஓட்டத் தையலால் அவற்றை இணைப்பர். தையலுக்கான நிற நூலும் கடையில் வாங்கப்படுவதன்று. பழஞ்சேலைகளின் கரையிலிருந்தே அது இழையிழையாக உருவி எடுக்கப்பட்டது. பொதுவாக நடுவிலே தாமரையும், நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காய் வடிவமோ அமையும். உருவங்களைச் சுற்றி நெருங்கிய வரிசைகளாக ஓடும் தையல், வெற்றிடத்தைக் குளத்து நீரலை போல் நெளியச் செய்கின்றது. குளிர்காலத்துப் போர்வை ‘லேப்’ எனவும், விரிப்பு ‘சுஜ்னி’ எனவும் பெயர் பெறும். கண்ணாடியையும் சீப்பையும் சுற்றிவைக்க ‘ஆர்ஷிலதா’ உண்டு. நூல்களையும் பிற பொருள்களையும் பொதிந்து வைக்கவும், தலையணைக்கு உறையாகவும், விருந்தினர் அமரும் இருக்கையாகவும் வெவ்வேறு காந்தாக்கள் உண்டு.

இப்பட்டியலிலே அலங்காரத்துக்காக மாத்திரம் ஆக்கப்பட்ட பொருள் ஒன்றேனும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பலமுறை தோய்த்துத் தேய்ந்த பருத்தியே பச்சிளங் குழந்தையின் உடலுக்கு உகந்த மென்மையுடையது. பல அடுக்குகள் சேர்ந்தாலே கழிமுகச் சமவெளியின் குளிரைத் தாங்கலாம். அடுக்குகள் விலகாதிருக்க நெருங்கிய தையல் வேண்டும். அந்நெருக்கமே அலைவடிவத்தைத் தோற்றுவித்தது. அழகு இங்கு தேவையின்மீது பின்னர் ஒட்டப்பட்டதொன்றன்று. தேவையைச் சரிவரப் பூர்த்திசெய்யும் முயற்சியினூடாகவே அது பிறந்தது. மார்க்ஸ் பயன்மதிப்பு என்று கூறிய பொருளியற் கருத்து ஓர் அழகியற் கருத்தாகவும் அமையக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டலரிது.

எனினும், இதனைக்கொண்டு பழைய கிராமத்தை ஒரு பொற்காலமாகக் காண முற்படுவோமாயின் பெருந்தவறிழைத்தவராவோம். பயன்மதிப்பை ஆக்கிய அவ்வுழைப்புக்கு அக்கிராமத்திலே கணக்கில்லை. சமையலும், நெற்குற்றலும், பிள்ளை வளர்ப்பும் முடிந்த பிற்பகற் பொழுதிலும், மாரிகாலத்து அடைமழை நாட்களிலும் திருடியெடுத்த நேரமே காந்தாவின் நேரமாகும். மூலப்பொருள் குடும்பத்தின் கழிவு. உழைப்பு பெண்ணின் ‘ஓய்வு’. ஓய்வு என்று பெயரிடப்பட்ட உழைப்புக்கு விலையில்லை. பிற்காலத்து வியாபாரி இப்பெயரையே தன் மூலதனமாகக் கொண்டான் என்பது பின்னர் புலனாகும்.

இவ்விடத்தில் அரும்பொருட்சாலைச் சான்றுகள் பற்றிய ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. கல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்திற் பேணப்படும் புகழ்பெற்ற காந்தாக்களுள் ஒன்று மானதாசுந்தரி என்னும் 19ஆம் நூற்றாண்டுப் பெண் தன் தந்தைக்கென ஆக்கியது. தான் அதனைத் தன் கையாலே செய்தமையை அவள் நூலெழுத்திற் பொறித்திருக்கின்றாள். கும்பினிச் சிப்பாய்களும் அவள் துணியிலே அணிவகுக்கின்றனர். பெண்ணொருத்தி தன் பெயரைத் தானே எழுதி உரிமை கோரும் இச்செயல் போற்றற்குரியது. ஆனால் அக்காலத்திலே எழுத்தறிவு எத்தகைய வீட்டுப் பெண்களுக்குக் கிட்டியது என்பதை நாம் மறத்தலாகாது. வசதிபடைத்த குடும்பத்து ராஸசுந்தரி தேவியே அடுக்களையில் மறைந்திருந்துதான் எழுத்தறிந்தாள். 1876இல் வெளியான ‘ஆமார் ஜீபன்’ என்னும் தன்வரலாற்றிலே அவள் அதனைக் கூறியுள்ளாள். அவ்வாறாயின் உழவன் மனைவியின் நிலை யாது? அவள் தைத்த காந்தா பிள்ளைகளின் மேனியிலே கிடந்து, தோய்த்துத் தோய்த்து, இற்று அழிந்தது. பயன்பட்டது அழிந்தது, பெட்டியில் வைக்கப்பட்டதே அரும்பொருட்சாலைக்கு வந்தது. ஆகவே ‘காந்தா மரபு’ என்று நாம் இன்று காண்பது, பெரும்பாலும் அழியாமல் வைத்திருக்கக் கூடியவர்களின் மரபேயாகும்.

2. காவியத்தின் நடுவே ஒரு வயல்

ஜசீமுத்தீன் (1903–1976) கீழ்வங்காளத்து பரீத்பூர்ப் பகுதியிற் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துத் தினேஷ் சந்திர சென் அவர்களின் வழிகாட்டலில் நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். 1929இல் அவர் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ (பூத்தையற் போர்வையின் வயல்) என்னும் கதைக்காவியம் 1939இல் மில்போர்ட் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது. ‘நக்ஷி காந்தா’ என்னும் பெயர் பரவலான வழக்கிற்கு வந்தமைக்கு இக்காவியமே முக்கிய காரணம் என்பர். இன்று நகரத்துக் கடைகளிலே விலைச்சீட்டில் காணப்படும் பெயரை இலக்கியமே வழங்கியது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

கதை எளியது. ரூபாயி என்னும் உழவிளைஞனும் சாஜு என்னும் பெண்ணும் காதலித்து மணஞ்செய்கின்றனர். விளைந்த நெல்லை அயலூரார் வெட்ட வந்தபோது கைகலப்பு மூள்கின்றது, உயிர்ச்சேதம் நிகழ்கின்றது. ரூபாயி ஊரைவிட்டு ஓடி மறைகின்றான். காத்திருக்கும் சாஜு, தன் வாழ்க்கைக் கதையைப் போர்வையொன்றிலே தைக்கின்றாள். தன் புதைகுழிமேல் அதனை விரிக்குமாறு தாயிடம் வேண்டி இறக்கின்றாள். பின்னொருநாள் அக்குழியருகே, அப்போர்வையைப் போர்த்தபடி, அயலவனொருவன் இறந்து கிடக்கக் காண்கின்றனர். அந்நிலம் பூத்தையற் போர்வையின் வயல் எனப் பெயர் பெறுகின்றது.

இக்காவியத்தை விதந்துரைப்போர் பெரும்பாலும் காதலின் உன்னதத்தையும் கிராமியத் தூய்மையையும் பற்றியே பேசுவர். மனோரதிய நோக்கின் இயல்பு அது. ஆனால் கதையின் திருப்புமையம் எது? காதலர்க்குத் தடையாக நின்றது சாதியோ மதமோ பெற்றோரோ அன்று. விளைச்சலின் மீதான உரிமைப் போரே அவர்களைப் பிரித்தது. 1793இன் நிரந்தர நிலத்தீர்வைக்குப் பின்னர் வங்காளத்திலே சமீன்தாரும், அவனுக்குக் கீழே பலபடி இடைக்குத்தகையாளரும், அடியிலே உழவனுமாக அமைந்த நில உறவு, கைத்தடி வீரரைக் கொண்டு வயலையும் விளைச்சலையும் கைப்பற்றும் மோதல்களை நாளாந்த நிகழ்ச்சியாக்கிற்று. நீதிமன்று உழவனின் நண்பனாக இருக்கவில்லை. ஆதலால் அவனுக்கு ஓட்டமே வழியாயிற்று. காவியம் வெளிவந்த அதே 1929ஆம் ஆண்டிலேதான் குடியானவரின் உரிமைகளைக் கோரும் நிகில வங்கப் பிரஜா சமிதியும் தோன்றியது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது சாஜுவின் போர்வை வெறும் பிரிவுத்துயரின் சின்னமாக மாத்திரம் தோன்றாது. நிலப் பிரச்சினையொன்று வீட்டுக்குள்ளே, பெண்ணின் மடிமீது, எவ்வடிவம் பெறுகின்றது என்பதன் ஆவணமாக அது தோன்றும். ஆண்களின் பெயர்கள் வழக்கேட்டிலே பதிவாயின. பெண்ணின் சாட்சியம் துணியிலே பதிவாயிற்று.

ஜசீமுத்தீனின் சாதனை இதுவே. நாட்டார் பாடலை நேரிற் கேட்டுத் திரட்டியவராதலின், கிராமத்து யதார்த்தத்தின் இவ்வெலும்பை அவரால் ஒதுக்கிவிட முடியவில்லை. தம் கருத்துநிலையையும் மீறி எழுத்தாளன் யதார்த்தத்தைச் சித்திரிக்கக்கூடும் என்று பல்சாக்கை முன்னிட்டு எங்கெல்ஸ் கூறியது இவருக்கும் பொருந்தும். எனினும் காவியத்தின் எல்லையையும் குறிப்பிடாதிருத்தல் நேர்மையன்று. சாஜு தன் கலையை முடித்தவுடன் இறக்கின்றாள். அவளது இறப்பே அக்கலைக்கு முழுமை தருகின்றது. வயலுக்குப் போர்வையின் பெயர் நிலைக்கின்றது. அதனைத் தைத்தவளின் பெயர் நிலைக்கவில்லை. பெண்ணின் படைப்பாற்றலை அவளது துயரோடும், அவளது துயரை அவளது மரணத்தோடும் பிணைத்துவிடும் இம்முடிவு, வாழ்ந்து உழைக்கவேண்டிய பெண்ணைப் பற்றிப் பேசுவதற்குச் சொல்லெதனையும் விட்டுவைக்கவில்லை.

3. சேகரிப்போரும் வாசிப்போரும்

ஏறத்தாழ இதே காலத்திலே காந்தா படித்த வகுப்பாரின் கவனத்தை ஈர்க்கத் தொடங்கியது. ஆங்கில ஆட்சியின் நிருவாக சேவையிலிருந்த குருசதய் தத் (1882–1941) தாம் பணியாற்றிய மாவட்டங்களிலே நாட்டார் கலைப்பொருட்களைத் திரட்டினார். 1932இல் விரதச்சாரி இயக்கத்தையும் தோற்றுவித்தார். கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் எழுதிய கட்டுரையிலே, கந்தைத் துண்டுகள் ஒருங்கிணைந்து முழுமை பெறுவதைச் சடங்கு, குறியீடு என்னும் வழியில் விளக்கினார். அவர் சேர்த்த காந்தாக்கள் பின்னர் பிலடெல்பியா அரும்பொருட்சாலையை அடைந்தன.

இவ்வறிஞர்களின் உழைப்பின்றி இன்று நமக்கு ஆராய்வதற்குப் பொருளே இராது. அந்நன்றியைக் கூறியே அடுத்த விடயத்தைக் கூறவேண்டும். கிராம்ரிஷ் வழிவந்தோர் கந்தையிலே முழுமையைக் கண்டனர். கந்தை ஏன் கந்தையாயிற்று என்று கேட்டாரல்லர். அக்கட்டுரை வெளிவந்து நான்கு ஆண்டுகளுள், 1943இல், வங்காளப் பஞ்சம் ஏறத்தாழ 30 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. உடுத்த துணியும் விற்றுண்ட மக்கள் நகரத் தெருக்களில் வீழ்ந்ததை ஸைனுல் ஆபிதீன் கறுப்பு மையிலே வரைந்தார். துணியே இல்லாதவிடத்துக் காந்தாவும் இல்லை. மரபு அழிகின்றது என்று வருந்துவோர், அம்மரபுக்குரிய மக்கள் அழிந்த ஆண்டுகளைத் தம் கால அட்டவணையிற் சேர்த்துக்கொள்வது நலம்.

நம்மவரிடையேயும் இவ்விரு போக்குகளும் உண்டு. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தாய்மையையும் கண்ணீரையும் மாத்திரம் கேட்டோர் பலர். அவற்றிலே குத்தகையையும் கடனையும் கூலியையும் கேட்கலாம் என்று காட்டிய நா. வானமாமலை போன்றோர் சிலர். துணியை வாசிப்பதற்கும் இவ்விரண்டாவது காதே தேவைப்படுகின்றது.

4. இறவாத சாஜுக்கள்

1947இல் வங்காளம் பிரிந்தது. 1971இல் பெரும் போரின் பின் பங்களாதேஷ் பிறந்தது. போரிலே கணவரையும் வீட்டையும் இழந்தோரும், பாலியல் வன்முறைக்குள்ளானோருமாகப் பெருந்தொகைப் பெண்கள் நிர்க்கதியாயினர். வன்முறைக்குள்ளானோரைப் புதிய அரசு ‘வீராங்கனை’ என அழைத்தது. 1972இல் மகளிர் புனர்வாழ்வுச் சபையொன்றை அமைத்தது. பட்டம் வயிற்றை நிரப்பாது. தையலும் கைப்பணியும் வருவாய்க்கு வழியாகக் கற்பிக்கப்பட்டன. 1974இல் மீண்டுமொரு பஞ்சம் வந்தது. இச்சூழலிலேயே காந்தாவின் ‘மறுமலர்ச்சி’ எனப்படுவது நிகழ்ந்தது. 1972இல் தோன்றிய பிராக் நிறுவனம் 1978இல் ‘ஆரோங்’ என்னும் விற்பனை நிலையத்தை ஆரம்பித்தது. ஜமால்பூர், ஜெஸ்ஸோர் முதலிய மாவட்டங்களிலே பெண்கள் நகரச் சந்தைக்கென ஊசி பிடிக்கலாயினர். எல்லைக்கு இப்பால் மேற்கு வங்காளத்து வீர்பூம் மாவட்டத்திலே, போல்பூர், நானூர்ப் பகுதிகளிலும் இவ்வாறே தொழில் பெருகிற்று.

காவியத்தின் சாஜு இறந்தாள். 1971இன் சாஜுக்கள் வாழவேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டிலிருந்தே நமது விமர்சனம் தொடங்கவேண்டும். பெண்கள் மரபை வாழவைத்தனர் என்பதிலும், வாழ்வதற்காகப் பெண்கள் மரபை விற்றனர் என்பதே வரலாற்றுக்கு நெருங்கிய கூற்றாகும். அதில் இழிவொன்றுமில்லை. இழிவு யாதேனும் உண்டாயின் அது கொடுக்கப்பட்ட விலையிலேயே உள்ளது.

பயன்மதிப்பு பண்டமாக மாறும்போது பொருளின் உருவமே மாறுகின்றது. முன்னர் பழஞ்சேலைகள் காந்தாவாயின. இன்று காந்தாத் தையல் புதுச்சேலைக்கு அலங்காரமாகின்றது. அடுக்குகள் போய் ஒற்றைத் துணி வந்தது. கரையிலிருந்து உருவிய நூல் போய்க் கடைநூல் வந்தது. பருத்தி இருந்தவிடத்திற் பட்டு வந்தது. குழந்தையின் உடற்சூட்டுக்கெனப் பிறந்த தையல் வரவேற்பறையின் சுவரிலே சட்டமிட்டுத் தொங்குகின்றது.

இம்மாற்றத்திலும் முக்கியமானது உழைப்பின் பிரிவினையாகும். முன்னைய நாளில் தைப்பவளே கோலமிட்டாள். அல்லது ஊரிலே கைத்திறன் மிக்க இன்னொருத்தி கோடிழுத்துக் கொடுத்தாள். இன்று உருவங்கள் நகரத்து வடிவமைப்புக் கூடத்திலே வரையப்படுகின்றன. மெல்லிய தாளிலே கோட்டின்வழி ஊசித்துளைகள் இடப்படும். தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயிற் குழைத்த வண்ணப்பொடியைத் தேய்த்தால் துளைகளினூடாகப் புள்ளிகள் பதியும். அப்புள்ளிகளின் மேலே கிராமத்துப் பெண் ஊசியை ஓட்டுகின்றாள். எண்ணம் தலைநகரிலும் உழைப்பு கிராமத்திலுமாகப் பிரிந்துவிடுகின்றது. மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிவதே முதலாளித்துவ உற்பத்தியின் அடிப்படை இயல்பென்பது நாம் அறிந்ததே. அப்பிரிவினை தொழிற்சாலையின் கூரையின்கீழ் மாத்திரம் நிகழ்வதன்று. வீட்டுத் திண்ணையிலும் நிகழும்.

கூலிமுறையோ துண்டுக்கூலியாகும். மார்க்ஸ் மூலதனத்தின் முதலாந் தொகுதியிலே துண்டுக்கூலியை ஆராய்கையில், அது மேற்பார்வையின் தேவையைக் குறைத்து, இடைத்தரகர் பலர் நுழைவதற்கு வழிசெய்வதைச் சுட்டிக் காட்டினார். சரிகைப் பின்னலில் ஈடுபட்ட இங்கிலாந்துப் பெண்களையும் சிறுமிகளையும் நவீன வீட்டுக் கைத்தொழிலின் உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டார். அப்பெண்களின் கண்பார்வைக் கேட்டினை எங்கெல்ஸ் 1845இலேயே எழுதியிருந்தார். ஆந்திரத்து நரசாப்பூரின் பின்னற்சரிகைப் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூல் இவ்வாராய்ச்சியை நம் பிராந்தியத்துக்கு விரிவுபடுத்தியது. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் பெண்கள் ‘இல்லத்தரசிகள்’ எனவும், அவர்களது உழைப்பு ‘ஓய்வுநேரப் பொழுதுபோக்கு’ எனவும் பெயரிடப்படுவதே அவர்களைத் தொழிலாளர் என்ற கணக்கினின்றும் நீக்குகின்றது என்பதை அவர் நிறுவினார். காந்தாவுக்கும் இது முற்றிலும் பொருந்தும். பழைய கிராமம் கொடுத்த ‘ஓய்வு’ என்ற பெயரைப் புதிய சந்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. ‘கலை’, ‘மரபு’, ‘தாயின் அன்பு’ முதலிய சொற்கள் அதற்கு மெருகூட்டுகின்றன. கலைஞர் என்று விளம்பரத்தில் அழைக்கப்படுபவள், கலைஞருக்குரிய பெயர்ப்பொறிப்பையும் பெறுவதில்லை. தொழிலாளிக்குரிய சட்டப் பாதுகாப்பையும் பெறுவதில்லை.

5. எது வாழ்கின்றது?

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்களிலே தாமரையும் தேரும் மாத்திரமல்ல, கும்பினிச் சிப்பாயும், புகைவண்டியும், உக்கா புகைக்கும் ‘பாபு’வும் இடம்பெற்றனர். தைத்தவள் தான் கண்டதைத் தைத்தாள். புகைவண்டி மரபில் உள்ளதா என்று அவளை எவரும் கேட்கவில்லை. புதியதைத் தன் இலக்கணத்துள் ஏற்றுக்கொள்ளும் இவ்வாற்றலே ஒரு மரபு உயிருடன் இருக்கின்றது என்பதற்கான அறிகுறியாகும்.

இன்று சந்தை வேண்டுவது யாது? பல்லக்கும் யானையும் மீனும் மயிலும் கொண்ட, காலமற்ற ஒரு கிராமம். 2013 ஏப்ரல் 24ஆந் தேதி டாக்காவை அடுத்த சவாரிலே ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். காந்தா தைக்கும் பெண்ணும், தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னிருந்த பெண்ணும் ஒரே கிராமப் பொருளாதாரத்தின் இரு பிள்ளைகள். கும்பினிச் சிப்பாயைத் தைத்த கைகளின் வாரிசுகளுக்கு இடிந்த கட்டடத்தைத் தைக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் துளையிட்ட தாளிலே அதற்குப் புள்ளி இல்லை. மரபைக் காத்தல் என்னும் பெயரால் மரபின் உயிர்ப்பகுதியே, அதாவது நிகழ்காலத்தைப் பதிவுசெய்யும் உரிமையே, பறிபோகின்றது. தையல் வாழ்கின்றது, தைப்பவளின் பார்வை அடக்கப்படுகின்றது.

புள்ளி இடப்படாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. பீகாரின் முஸாபர்பூர் மாவட்டத்து புசுராக் கிராமத்திலே, காந்தாவின் உறவான சுஜனித் தையலை 1980களின் பிற்பகுதியிலிருந்து மீண்டும் எடுத்துக்கொண்ட பெண்கள், சீதனக் கொடுமையையும் பெண்மீதான வன்முறையையும் தம் துணிகளிலே தைத்தனர். தொண்டு நிறுவனங்களின் ஊக்குவிப்பும் வாங்குவோரின் விருப்பமும் இவ்விடயத் தெரிவிற் பங்குகொண்டன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சாஜு தன் கதையைத் தைத்ததைப் போன்று இப்பெண்களும் தம் கதையைத் தைத்தனர். ஒரு முக்கிய வேறுபாட்டோடு. இவர்கள் அதனைப் புதைகுழிக்கெனத் தைக்கவில்லை. கூட்டமாக அமர்ந்து, கூலிக்கெனவும், பிறர் காணவெனவும் தைத்தனர்.

அண்மைக் காலத்திலே இம்மரபைச் சட்டத்தாற் காக்கும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. மேற்கு வங்காளத்து நக்ஷி காந்தா 2008இல் இந்தியாவிலே புவிசார் குறியீடாகப் பதிவுபெற்றது. பங்களாதேஷிலே ஜமால்பூரின் நக்ஷி காந்தா 2024இல் அத்தகைய குறியீட்டைப் பெற்றது. 1947இல் எல்லை பிரிந்தபோது பிரியாதிருந்த ஊசிவழக்கு, இப்போது ஏட்டிலே இரு நாடுகளின் இரு உடைமைகளாகின்றது. குறியீடு இடத்தின் பெயரைக் காக்கின்றது. போலிப் பொருளைத் தடுக்க உதவலாம். ஆனால் துண்டுக்கூலி எவ்வளவு என்று அது கூறுவதில்லை. வயலின் பெயர் நிலைத்துப் பெண்ணின் பெயர் மறைந்த காவியமுடிவு இங்கு சட்டவடிவம் பெற்றிருக்கின்றது எனலாம்.

6. இரு தவறுகள்

இவ்விடயத்தை அணுகுவோர் இரு தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். முதலாவது, நாம் இதுவரை கண்ட மனோரதிய நோக்கு. அது வறுமையை அழகாகவும், கூலிக்குறைவை அர்ப்பணிப்பாகவும் காண்பது.

இரண்டாவது தவறு நம்மவரிடையே, அதாவது மார்க்சிய நோக்குடையோரிடையே, நிகழ்வது. காந்தா நிலமானிய சமூகத்தின் எச்சம். அது சந்தைக்கு வந்தபோதே சீரழிந்தது. இயந்திரமும் பொதுவுடைமையும் வரும்போது அது தானே மறையும் என்று கூறி விடயத்தை முடித்துவிடும் இயந்திரப்பாங்கான நோக்கு அது. இந்நோக்குடையோர் ‘தூய காந்தா’ ஒன்று முன்பிருந்தது என்று மறைமுகமாக ஏற்றுக்கொள்கின்றனர். அதனால் தாம் எதிர்க்கும் மனோரதியரோடு ஒரே திண்ணையில் அமர்கின்றனர். உண்மையோ வேறு. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளிலேயே வங்காளத்திலிருந்து போர்த்துக்கேயருக்கென மஞ்சட் பட்டுநூலாற் பூத்தைத்த பெரும் விரிப்புகள் ஏற்றுமதியாயின. ஊசிவேலை சந்தையை அறியாதிருந்த காலமொன்றைத் தேடுவது வீண். மேலும், கிராமத்துப் பெண்ணின் கைக்குத் தன் கணவனின் கையினூடாக வராத பணம் முதன்முறையாக வருவது காந்தாவினாலாயின், அதனைச் சீரழிவு என்றுரைக்க விமர்சகனுக்கு என்ன உரிமையுண்டு? அப்பணம் குறைவானது என்று கூறும் உரிமையும் கடமையுமே அவனுக்குண்டு.

இலங்கை வாசகர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஆரோங் தொடங்கிய அதே 1978ஆம் ஆண்டிலேதான் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயமும் அமைந்தது. அங்கும் ‘பெண்களின் இயல்பான கைத்திறன்’ என்ற சொல்லே குறைந்த கூலிக்கு நியாயமாயிற்று. தேயிலைப் பெட்டிமீது கொழுந்து பறிக்கும் பெண்ணின் புன்னகை அச்சிடப்படுவதையும் நாம் நன்கறிவோம். அப்பெண்ணின் நாட்கூலிப் போராட்டம் அப்பெட்டிமீது அச்சிடப்படுவதில்லை. கைத்திறனை இயல்பென்றும், இயல்பை விலையற்றதென்றும் ஆக்கும் கருத்துநிலை எங்கும் ஒன்றே.

ஆகவே காந்தாவைப் பற்றிய விமர்சனம் மூன்று விடயங்களைக் கோரவேண்டும். தைத்தவளின் பெயர் துணியோடு செல்லவேண்டும். மானதாசுந்தரி தானே எடுத்துக்கொண்ட உரிமை ஜமால்பூர்ப் பெண்ணுக்கும் நானூர்ப் பெண்ணுக்கும் உரியதே. கூலி, செலவிட்ட மணித்தியாலத்தைக் கொண்டு கணிக்கப்படவேண்டும். அதனைப் பேரம்பேசும் அமைப்பு அப்பெண்களுக்கு இருத்தல் வேண்டும். எதனைத் தைப்பது என்ற முடிவில் தைப்பவளுக்கும் இடம் வேண்டும். அவ்விடமின்றேல் அவள் செய்வது கலையன்று, பிறர் எண்ணத்தைப் படியெடுக்கும் வேலையே. இம்மூன்றும் அழகியலுக்குப் புறம்பான பொருளாதாரக் கோரிக்கைகள் என்று எவரேனும் கருதுவாராயின், அலைவடிவம் தேவையிலிருந்து பிறந்ததென்பதை அவர் மீண்டும் நினைத்துப் பார்த்தல் நன்று. உற்பத்தி உறவு மாறுமாயின் உருவமும் மாறும். அவளது நிகழ்காலம் துணிக்குத் திரும்பும்.

கந்தையைக் கசக்கிக் கட்டுமாறு நம் பழமொழி வறியவருக்குப் புத்தி கூறுகின்றது. வங்காளத்துப் பெண்கள் கந்தையை அடுக்கித் தைத்து அதிலே தம் உலகத்தையும் எழுதினர். அவ்வெழுத்தைப் படிக்க முற்படுவோர் தாமரையின் இதழ்களை எண்ணுவதோடு நின்றுவிடாது, அவ்விதழ்களுக்குச் சென்ற மணித்தியாலங்களையும் எண்ணப் பழகவேண்டும். கூலிக் கணக்கேட்டையும் காவியத்தையும் ஒரே மேசையில் விரித்து வாசிக்கும் விமர்சனமே அப்பெண்களுக்கும் அவர்தம் கலைக்கும் நியாயஞ் செய்யவல்லது.